கட்-ஆஃப் அட்டவணையை வாசித்தல்

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் ஒரு புத்தகம் பெட்டிக்கடை வரைக்கும் வந்து தொங்கும். பொறியியல் கலந்தாய்வு வழிகாட்டி. உள்ளே கதை கிடையாது, கவிதை கிடையாது. ஓசி, பிசி, பிசிஎம், எம்பிசி, எஸ்சி, எஸ்சிஏ, எஸ்டி என்று ஏழு பத்திகள். ஒவ்வொன்றிலும், அந்தக் கல்லூரியில் போன வருசம் கடைசியாக இடம் வாங்கினவரின் கட்-ஆஃப். கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200. எங்க தெருவில் இதைவிட அதிகமாக வாசிக்கப்பட்ட புத்தகம் வேறில்லை. இதற்கு மட்டும் யாரும் விமர்சனம் எழுதுவதில்லை. நான் எழுதிப் பார்க்கிறேன்.

ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டால், இது சொல்வதைவிட மறைப்பது அதிகம். முதலில் அந்த 'ஓசி'. ஓபன் காம்படிஷன், பொதுப்போட்டி. தமிழ்நாட்டின் 69 விழுக்காடு ஒதுக்கீடு போக மீதி 31. மார்க் இருந்தால் எந்தச் சாதிப் பிள்ளையும் அதில் உட்காரலாம். ஆனால் டீக்கடையிலிருந்து ஆசிரியர் அறை வரைக்கும் ஓசி என்றால் மேல்சாதி என்றுதான் அர்த்தம். (காசு கொடுக்காமல் வாங்குவதற்கும் நம்ம பேச்சில் ஓசி என்றே பேர். அந்த ஏச்சு மட்டும் நமக்கு.) பொதுவில் கிடக்கிற ஒன்றைச் சிலருக்குப் பட்டா போட்டுக் கொடுக்க இரண்டு எழுத்து போதுமாயிருக்கிறது.

அடுத்தது எஸ்சி பத்தி. நல்ல மார்க் எடுத்த தலித் பிள்ளை பொதுப்போட்டியிலேயே இடம் பிடித்துவிட்டால் இந்தப் பத்தியில் தெரியாது. ஓசிக் கணக்கில் கரைந்துவிடும். இங்கே நிற்பது ஒதுக்கீட்டில் கடைசியாக நுழைந்த ஒருவரின் எண். அந்த ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டுதான் 'அவங்களுக்குக் கம்மி மார்க்குக்கே கெடச்சிடுது' என்ற கதையாடல் ஊர் முழுக்க ஓடுகிறது. ஓசி பத்தியில் இருப்பதும் கடைசி எண்தான். அதைக் காட்டி யாரும் யாரையும் எடை போடுவதில்லை.

புத்தகம் பிளஸ் டூ முடித்தவரிடம் மட்டுமே பேசுகிறது. கணிப்போ அதற்கு இரண்டு வருசம் முன்னாடியே முடிந்துவிடுகிறது. பத்தாவது முடித்து நான் ஃபர்ஸ்ட் குரூப் கேட்டு நின்றேன். விண்ணப்பத்தில் சாதிக் கட்டத்தைப் பார்த்தவர், 'கணக்கு ஒனக்கு வராதும்மா, மூணாவது குரூப் எடுத்துக்கோ' என்றார். கணக்கில் நான் 88. மார்க் பட்டியல் அவர் கையில்தான் இருந்தது. தமிழ்க் காதலால் எம்.ஏ. படித்தேன் என்று மேடைகளில் சொல்வதுண்டு. பாதிதான் உண்மை.

மருத்துவத்துக்கும் இதுபோல 200-க்கு ஒரு கணக்கு இருந்தது. அரியலூர் மாவட்டத்து அனிதா 1200-க்கு 1176, கட்-ஆஃப் 196.75. பழைய புத்தகப்படி சீட் உறுதி. 2016-ல் தமிழ்நாட்டு அரசு இடங்களுக்கு நீட்டிலிருந்து விலக்கு இருந்தது, 2017-ல் இல்லை. நீட்டில் 720-க்கு 86. உச்சநீதிமன்றம் வரை போனார். அந்த வருசம் செப்டம்பர் 1-ல் செத்துப்போனார். விதி மாறினால் யாருடைய கணக்கு முதலில் செல்லாமல் போகும் என்பதற்கு எந்த வழிகாட்டியிலும் பத்தி கிடையாது.

போன வருசம் எங்க தெருப் பொண்ணு புத்தகத்தோடு வந்தாள். 'அக்கா, எனக்குக் கெடைக்குமா பாருங்க.' கட்-ஆஃப் 171. அரசுப் பள்ளி. வாத்தியார் மார்க்கையே கேட்காமல், 'நீ எஸ்சிதானே, எங்கயாவது கெடச்சிடும்' என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்த 'எங்கயாவது'வில்தான் ஏஜெண்ட் நிற்கிறான், ஸ்காலர்ஷிப் பணத்துக்காக நம்ம பிள்ளைகளைத் தனியார் கல்லூரிக்குப் பிடித்துக் கொடுப்பவன். ஏற்கனவே வீட்டுக்கு வந்து ஒரிஜினல் சர்டிபிகேட் கேட்டுவிட்டுப் போயிருந்தான். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் பொறியியலில் 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு உண்டு, படிப்புக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டும் என்பதை ஒருத்தரும் அவளிடம் சொல்லவில்லை.

ராத்திரி உட்கார்ந்து விருப்பப் பட்டியல் போட்டோம். கிடைக்காது என்று புத்தகம் சொன்ன மூன்று கல்லூரிகளை மேலே போடச் சொன்னேன். பயந்தாள். மேலே கேட்டது கிடைக்காவிட்டால் கீழே இருப்பது ஒன்றும் ஓடிப்போகாது என்று விளக்கினேன். நாலாவதாகப் போட்டது வந்தது. அரசுக் கல்லூரி, சிவில்.