ஓநாயும் ஒடியனும்

மனிதன் ஓநாயாக மாறும் கதைக்கு நம் பக்கத்தில் ஆதாரம் உண்டா என்று கயத்தாற்று நண்பர் ஒருவர் கேட்டார். ஓநாயை விட்டுவிட்டுத் தேடுங்கள், கிடைக்கும் என்றேன்.

நம் கரிசலில் ஊளையிடுவது நரி. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் பரியாக வந்த நரிகள் அன்றிரவே நரிகளாகி, லாயத்துக் குதிரைகளைக் கடித்துக் குதறுகின்றன. ஆனால் அது இறைவன் ஆடிய விளையாட்டு. பக்தனுக்கு அதில் பயமில்லை.

பயம் வேண்டுமென்றால் மலையாளத்து ஒடியனிடம் போக வேண்டும். இருட்டில் எருதாக, நாயாக வந்து ஆளைக் கொல்வானாம். எட்கார் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட 7 தொகுதி ஜாதி நூலில் இந்த ஒடி வித்தை பற்றிய செய்தி உண்டு. ஆதாரம்தான், ஆனால் சொன்னது யார், யாரைப் பற்றி என்று கேட்டுக்கொண்டே படிக்க வேண்டும். ஒடியன் என்ற பெயரைச் சுமந்தவர்கள் பறையரும் பாணரும். ஊர் ஒதுக்கி வைத்த ஏழைகள்.

லத்தீன் கவி ஓவிட் ஓநாயாக்கியது லிக்காயோன் என்ற கொடிய அரசனை. 1603-இல் பிரான்சில், ஓநாய் என்று வழக்கில் நின்றதோ மந்தை மேய்த்த பையன் ழான் கிரனியே. காவியத்தில் அரசன்; கச்சேரியில் கூலிக்காரப் பையன்!

மிருகத்தைத் தேடினால் மட்டும் போதாது. மிருகம் என்று பட்டம் கட்டியது யார் என்பதையும் தேட வேண்டும்.