அளக்கும் படி யாருடையது?

ஊரில் என் பாட்டி, யாராவது நெல் அளக்க வந்தால், "யார் வீட்டுப் படி?" என்று கேட்டுவிட்டுத்தான் மேலே அளக்க விடுவாள். தில்லியில் 28 ஆண்டுகள் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு, கல்வி ஆய்வுகளைப் படிக்கும்போதெல்லாம் அந்தக் கேள்விதான் நினைவுக்கு வருகிறது.

மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளும் மற்றவர்களோடு ஒரே வகுப்பில் கற்பதே உள்ளடக்கிய கல்வி. 1994-இல் ஸ்பெயினின் சலமான்கா நகரில் வெளியான பிரகடனம் இதற்கு உலக அளவில் வலு சேர்த்தது. நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டது. சட்டம் கதவைத் திறக்கும். உள்ளே வரும் குழந்தையை அணைத்துக்கொள்ள வேண்டியவர் ஆசிரியர். அவருடைய ஈடுபாட்டை எப்படி அளப்பது?

இரண்டு அளவுகோல்களைச் சொல்கிறேன். 2012-இல் ஷர்மா, லோர்மன், ஃபோர்லின் ஆகியோர் வெளியிட்டது 18 கூற்றுகள் கொண்டது. கனடா, ஆஸ்திரேலியா, ஹாங்காங், இந்தியா ஆகிய நான்கு இடங்களின் பயிற்சி ஆசிரியர்களைக் கொண்டு உருவானது. நம்மையும் சேர்த்துக்கொண்டார்களே என்பதில் மகிழ்ச்சிதான். ஆனால் அது அளப்பது "என்னால் முடியும்" என்கிற தன்னம்பிக்கையை. முடியும் என்பது வேறு, செய்வது வேறு அல்லவா?

2013-இல் கிளாசனும் இருவரும் வெளியிட்டது 16 கூற்றுகள் கொண்டது. அறிவு, உணர்வு, மாணவரோடு உறவு, சக ஆசிரியரோடு உறவு என நான்காகப் பிரித்து ஈடுபாட்டையே அளக்கிறது. சிறப்பான பிரிவுதான். ஆனால் அது பொதுவாக எல்லா ஆசிரியர்களுக்குமானது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் காது கேளாத பையனைப் பற்றித் தனியாகக் கேட்பதில்லை.

இரண்டிலும் ஆசிரியரே தனக்கு மார்க் போட்டுக்கொள்கிறார். சிக்கல் இங்கேதான். என்னோடு வேலை பார்த்த ஒரு டீச்சர், அப்படிப்பட்ட பையன் ஒருவனுக்காக, கரும்பலகையில் எழுதிக்கொண்டே பேசுவதை விட்டுவிட்டார். எழுதி முடித்துத் திரும்பி, அவன் உதட்டைப் பார்க்கும்படி நின்று பேசுவார். ஒரு பயிற்சி முகாமில் இதுபோன்ற படிவம் தந்தபோது அவர் "சில சமயம்" என்று டிக் போட்டார். ஏன் என்று கேட்டேன். "ஏதோ முடிஞ்சதைப் பண்றேன், இதைப் போய் பெருமையா எழுதறதா?" என்றார். படிவத்தைத் தலைமையாசிரியர் பார்ப்பார் என்று பயந்த இன்னொருவர், எல்லாவற்றுக்கும் "எப்போதும்" என்று போட்டார். மார்க்கில் ஜெயித்தவர் அவர்தான்!

அடக்கத்தைப் பண்பாகக் கற்பிக்கும் ஊரில் குறைந்த மதிப்பெண்ணும், தன்னைப் பற்றித் தயங்காமல் பேசப் பழக்கும் ஊரில் கூடிய மதிப்பெண்ணும் வந்தால், அதை வைத்து நாடுகளை வரிசைப்படுத்துவது நியாயமா? ஒரே கூற்று இரு இடத்திலும் ஒரே பொருளில் புரிந்துகொள்ளப்படுகிறதா என்று முதலில் சோதிக்க வேண்டும் என்று அளவியல் வல்லுநர்களே சொல்கிறார்கள். அதைச் செய்யாமல் சராசரிகளை ஒப்பிடுவது, பெரிய படியையும் சின்னப் படியையும் ஒன்றாக எண்ணுவதுதான்.

அளவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அளக்காவிட்டால் அந்தப் பையன் யார் கண்ணிலும் படமாட்டான். படிவத்தோடு வகுப்பறையையும் நேரில் பார்க்க வேண்டும். குழந்தையையும் பெற்றோரையும் கேட்க வேண்டும் என்பதே என் வாதம்.

நம் சங்கக் குடும்பங்களுக்கும் இதில் பங்குண்டு. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, வகுப்பில் ஆங்கிலம் என்று வளரும் நம் பிள்ளை பேசத் தயங்கினால், அது குறைபாடா, மொழித் தடுமாற்றமா என்று பிரித்தறிய ஆசிரியருக்கு நம் உதவி வேண்டும். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க்கை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். "என் பிள்ளை எங்கே உட்கார்கிறான், யாரோடு பேசுகிறான்?" என்றும் கேளுங்கள். அதுவும் ஒரு அளவுகோல்தான்.