வரியின் கடைசி பைட்

சி மொழி படிக்கிறவர்களிடம் எஃப்கெட்ஸ் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே புகார்தான் வரும். கோப்பிலிருந்து ஒரு வரி கேட்டால், வரிமுடிவுக் குறியையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறது. அதைக் கிள்ளி எறிவதே தனி வேலை என்பார்கள். எனக்கோ அந்த ஃபங்ஷனின் அழகே அந்த ஒரு பைட்டில்தான் இருக்கிறது.

உண்மையில் கோப்புக்குள் வரி என்று எதுவும் கிடையாது. இருப்பதெல்லாம் பைட்டுகளின் நீண்ட ஓட்டம். 10 என்ற மதிப்புள்ள பைட் வந்தால் வரி முடிந்தது என்பது யூனிக்ஸ் வைத்த ஏற்பாடு. விண்டோஸில் அதற்கு முன்னால் ஒரு 13-உம் வரும். ஆகவே எவ்வளவு நீளம் என்று முன்கூட்டித் தெரியாத ஒன்றை, அளவு நிச்சயிக்கப்பட்ட பஃபரில், அதாவது ஒதுக்கிவைத்த நினைவக இடத்தில், வாங்கியாக வேண்டும். பைத்தான் போன்ற மொழிகள் இந்தச் சங்கடத்தை நம் கண்ணில் காட்டுவதில்லை. சி காட்டிவிடும்.

இந்தச் சங்கடத்தைக் கண்டுகொள்ளாமல் எழுதப்பட்டது கெட்ஸ் என்ற ஃபங்ஷன். அதற்கு பஃபர் இருக்கும் இடம் தெரியும், அளவு தெரியாது. வருவதையெல்லாம் கொட்டிக்கொண்டே போகும். வரிமுடிவுக் குறியையும் தூக்கிப் போட்டுவிடும். 1988 நவம்பரில் கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் ஏவிவிட்ட புழு நிரல் புகுந்த வழிகளில் ஒன்று இதுதான். ஃபிங்கர் சேவையின் 512 பைட் பஃபரில் 536 பைட்டுகளைத் திணித்தது அது. 2011-இல் வந்த சி தரநிலை கெட்ஸை லைப்ரரியிலிருந்தே நீக்கிவிட்டது.

எஃப்கெட்ஸ் வேறு சாதி. எங்கே வைக்க வேண்டும், அங்கே எவ்வளவு இடம், எந்தக் கோப்பு என்று மூன்றையும் கேட்டுக்கொண்டுதான் வேலையைத் தொடங்கும். 100 என்று சொன்னால் 99 பைட்டுக்கு மேல் எடுக்காது. கடைசி இடம் ஸ்ட்ரிங்கை முடித்துவைக்கும் பூஜ்யத்துக்கு. வரி அதைவிட நீளமென்றால் மீதி கோப்பிலேயே இருக்கும், அடுத்த அழைப்பில் வரும்.

கெர்னிஹனும் ரிச்சியும் எழுதிய சி நூலின் ஏழாம் அத்தியாயத்தில் இதன் நிரல் இருக்கிறது. ஒரே ஒரு சுழற்சி. அதன் நிபந்தனையில் முதலில் இடம் இருக்கிறதா என்ற சோதனை, பிறகுதான் எழுத்தை எடுப்பது. இந்த வரிசையை நான் மீண்டும் மீண்டும் ரசித்திருக்கிறேன். முதல் சோதனை தோற்றால் சி இரண்டாவதைத் தொடவே தொடாது. மாற்றி எழுதியிருந்தால், பஃபர் நிரம்பும் ஒவ்வொரு முறையும் கோப்பிலிருந்து ஒரு பைட் வெளியே வந்து, வைக்க இடமின்றித் தொலைந்துபோகும்.

இனி அந்தக் கடைசி பைட்டுக்கு வருவோம். எஃப்கெட்ஸ் நீளத்தைச் சொல்வதில்லை, முழு வரியா துண்டா என்றும் தனியாகச் சொல்வதில்லை. திருப்பித் தருவது பஃபரின் முகவரி, அல்லது ஒன்றும் கிடைக்கவில்லை என்ற வெற்று முகவரி. மற்ற சேதியை வரிமுடிவுக் குறியே சுமந்து வருகிறது. அது இருந்தால் முழு வரி. அதை உள்ளேயே நீக்கியிருந்தால், கையில் கிடைத்த 99 எழுத்துகள் ஒரு வரியா, ஒரு வரியின் தலைப்பகுதியா என்று யாரால் சொல்ல முடியும்?

குறியை வெட்டுவதிலும் நயம் உண்டு. நீளத்தில் ஒன்றைக் கழித்து அங்கே பூஜ்யம் வைப்பவர்கள், குறி இல்லாத வரியில் நல்ல எழுத்தை வெட்டிவிடுவார்கள். தேர்ந்த கை எஸ்டிஆர்சிஸ்பேன் என்ற ஃபங்ஷனிடம் குறி எங்கே என்று கேட்கும். குறி இருந்தால் அதன் இடம் கிடைக்கும், இல்லாவிட்டால் ஸ்ட்ரிங்கின் முடிவு. எங்கே பூஜ்யம் வைத்தாலும் சேதமில்லை. 'இஃப்' கூடத் தேவையில்லை.

தமிழ்க் கோப்புகளைப் படிப்பவர்களுக்கு இந்த அளவுக் கணக்கு இன்னும் முக்கியம். யூடிஎஃப்-8-இல் 'தமிழ்' என்ற சொல்லுக்கு 15 பைட் வேண்டும்: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி, ஒவ்வொன்றுக்கும் மூன்று. பஃபருக்கு 15 என்று அளவு கொடுத்தால் 14 பைட்தான் வரும். புள்ளி பாதியில் அறுபடும். எஃப்கெட்ஸுக்குத் தெரிந்தது பைட், எழுத்து அல்ல.

2008-இல் போசிக்ஸ் தரநிலையில் சேர்ந்த கெட்லைன், நினைவகத்தைத் தானே பெரிதாக்கிக்கொள்ளும், நீளத்தையும் சொல்லும். அன்றாட வேலைக்கு அதுவே வசதி. அதுவும் வரிமுடிவுக் குறியை விட்டுவைக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

எஃப்கெட்ஸ் தந்த வரியில் குறியை வெட்டும் முன் அது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒன்று கோப்பு முடிந்திருக்கிறது, அல்லது வரியில் இன்னும் மிச்சமிருக்கிறது.