கேட்கப்படாத சம்மதம்

எகிப்திய அறிஞர் முஹம்மது ஹுசைன் ஹைக்கல் அவர்களை, 1935-இல் வெளியான ‘ஹயாத்து முஹம்மத்’ எனும் நபி வரலாற்று நூலின் ஆசிரியராகவே நம்மவர் அறிவர். அப்பெருமகனார் இளமையில் ஒரு காதல் நாவலும் எழினார் என்பது பலருக்கு வியப்பளிக்கும். பாரீசில் சட்டம் பயின்ற நாளில் எழுதிய ‘ஜைனப்’ 1913-இல் அச்சேறியது. நாவலாசிரியர் என்ற பெயர் வழக்கறிஞர் தொழிலுக்கு இழுக்காகுமென அஞ்சி, ‘எகிப்திய உழவன்’ என்றே ஒப்பமிட்டார். 1929-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் சொந்தப் பெயர் இடம்பெற்றது.

பருத்தி வயலில் கூலிவேலை செய்யும் ஜைனப், மேற்பார்வையாளன் இப்ராஹீமை நேசிக்கிறாள். பெற்றோரோ வசதியுள்ள ஹசனுக்கு அவளை நிக்காஹ் செய்து கொடுக்கின்றனர். படைச்சேவையிலிருந்து விலக்குப் பெறப் பணமில்லாத இப்ராஹீம் சூடானுக்கு அனுப்பப்படுகிறான். துயரும் காசநோயும் வாட்ட, அவனுடைய கைக்குட்டையைப் பற்றியவாறே ஜைனப் உயிர் துறக்கிறாள்.

மணமானவள் பழைய காதலனை எண்ணி உருகுவதை முஸ்லிம் எழுத்தாளர் எழுதலாமா என்று சிலர் வினவுவர். நாம் ஆசிரியரைக் குறைகூற மாட்டோம். ஹசனை அவர் கொடியவனாக்கவில்லை, அவன் நல்லவன். கணவனுக்கு உண்மையாயிருக்க ஜைனப் தன் மனத்தோடு போராடுகிறாள். தவறு அதற்கு முன்பே நிகழ்ந்துவிட்டது. அவள் விருப்பத்தை எவரும் கேட்கவில்லை.

கன்னிப்பெண்ணின் மௌனமே சம்மதம் என்பதை நாம் நன்கு நினைவில் வைத்துள்ளோம். அவளிடம் அனுமதி கேட்கவேண்டும் என்று அதே நபிமொழி கூறுவதை மறந்துவிடுகிறோம். கேட்டபின் வரும் மௌனம் விடையாகும். கேளாதபோது நிலவும் மௌனம் எதற்கு விடை? தந்தைக்கு அதிகாரம் வழங்கும் நம் ஷாஃபிஈ மத்ஹபும் மகளைக் கேட்பதை விரும்பத்தக்கதென்றே கூறுகிறது.

நாவலில் குறைகளும் உள. நிலக்கிழார் மகன் ஹாமிதின் நெடிய சிந்தனைகள் கதையோட்டத்தைத் தடுக்கின்றன. வயல், நிலவு, வைகறை வருணனைகள் அளவை மிஞ்சுகின்றன. எனினும், உழவர் பேச்சைப் பேச்சு வழக்கிலேயே எழுதிய துணிவு பாராட்டத்தக்கது.

குமர்ப் பிள்ளைகளிடமிருந்து இந்நூலை மறைக்க வேண்டுவதில்லை. அவர்களுக்கு முன்னதாக, மகளுக்கு நாள் குறிக்கவிருக்கும் பெற்றோர் இதனைப் படிப்பது நலம்.