இப்னு கல்தூன் தந்த உரைகல்

இசுலாமிய நாகரிகத்தின் வரலாற்றைப் பயில்வோர், அதனை அரசர் பெயர்களும் ஆண்டுகளும் நிறைந்த அட்டவணையாகவே பெரும்பாலும் காண்கின்றனர். அந்நாகரிகம் ஈன்ற பேரறிஞர் ஒருவரோ, வரலாற்றை ஆராய்ச்சிக்குரிய கலையாக்கினார். அவர் இப்னு கல்தூன். 1332இல் தூனிசில் பிறந்து, வட ஆப்பிரிக்க அரசவைகளில் பதவியும் சிறையும் கண்டவர். இன்றைய அல்ஜீரியாவிலுள்ள கோட்டையொன்றில் ஒதுங்கியிருந்து, 1377இல் ‘முகத்திமா’ என்னும் முன்னுரை நூலை இயற்றினார்.

முன்னோர் எழுதினர் என்பதனாலேயே ஒரு செய்தி மெய்யாகிவிடாது என்பது அந்நூலின் அடிப்படை. மூசா நபியின் படையில் ஆறு இலட்சம் வீரர் இருந்தனர் என்று அல்-மஸ்ஊதி முதலியோர் எழுதினர். அத்துணைப் பெரும்படை ஒரே களத்தில் அணிவகுக்க இயலுமா? ஒரு முனையில் நிகழ்வது மறுமுனைக்கு எட்டுமா? சில தலைமுறைகளுக்குள் ஒரு குலம் அவ்வளவு பெருகுமா? இவை அவர் எழுப்பிய வினாக்கள்.

அரசுகளின் எழுச்சிக்கு ‘அஸபிய்யா’ எனும் குழுப்பற்றே காரணம் என்றார் அவர். பாலை வாழ்வின் கடுமையில் வளரும் அப்பற்று, நகர வாழ்வின் சுகத்தில் தேயும். ஆதலின் ஓர் அரசின் ஆயுள் மூன்று தலைமுறை, ஏறத்தாழ 120 ஆண்டு என்பது அவர் கணிப்பு.

இக்கணிப்பையும் அவருடைய உரைகல்லிலேயே தேய்த்துப் பார்த்தல் நம் கடன். அவர் கண்ணெதிரே நிகழ்ந்த மக்ரிபுக் குலங்களின் ஏற்ற இறக்கங்களுக்கு அது நன்கு பொருந்துகிறது. ஆனால், 1300ஆம் ஆண்டளவில் தோன்றிய உதுமானிய அரசு 1922 வரை நிலைத்தது. குலப்பற்றைக் கடந்த நிலையான படையும், நிலப்பதிவேடும், ஊதியம் பெறும் அலுவலரும் அதனைத் தாங்கின. அவ்வரசின் வரலாற்றாசிரியர் நயீமா போன்றோர் பிற்காலத்தில் இப்னு கல்தூனைப் பயின்று, தம் அரசின் நோய்க்கு மருந்து தேடினர் என்பதும் கருதத்தக்கது. விதியென அவர் வகுத்ததை அவர்கள் எச்சரிக்கையாகக் கொண்டனர்.

ஆசிரியர்க்கும் அந்நூலில் பாடம் உண்டு. கடுமையாக நடத்தப்படும் மாணாக்கன் பொய்யும் சூதும் கற்கிறான் என்றும், சுருக்க நூல்களை மனனம் செய்வது கல்விக்குக் கேடு என்றும் இப்னு கல்தூன் எழுதினார். தேர்வுக்கெனக் குறிப்பேடுகளையே நம்பும் நம் வகுப்பறைகளுக்கு இது பொருந்தாதா?

அவர் முடிவுகளை மனப்பாடம் செய்யும் மாணவன் அவரைக் கற்றவனாகான். ‘இஃது இயலுமா?’ என்று கேட்பவனே கற்றவன்.