மஞ்சா: மரபும் மேடையும்

புத்தளத்தை அடுத்த சிரம்பையடியில் வாழும் ஆபிரிக்க வழித்தோன்றல்களின் பாடலும் ஆடலும் மஞ்சா எனப்படும். இவர்தம் முன்னோருட் பலர் காலனியப் படைவீரர்; ஆங்கிலேயர் கோவாவிலும் மொசாம்பிக்கிலும் விலைக்கு வாங்கிப் படையிற் சேர்த்த அடிமைகளும் அவர்களுள் அடங்குவர். இலங்கை ரைபிள் படையணி 1873இல் கலைக்கப்பட்டது.

இன்று மஞ்சா பண்பாட்டு விழாக்களில் மேடையேறுகின்றது. அதனை வெறுங் களியாட்டமாகக் காண்பதும் பிழை. படைமரபின் பெருமிதமாகப் போற்றுவதும் பிழையே. விலைக்கு வாங்கப்பட்டவன் ஏந்திய துப்பாக்கி அவனது பெருமிதத்தின் சின்னமாகாது.

மஞ்சாவின் ஆற்றல் அதன் அமைப்பிலேயே தங்கியுள்ளது. மெல்லத் தொடங்கும் பாடல், சிற்றடிகள் மீண்டும் மீண்டும் வரப் படிப்படியாக விரைவுறுகின்றது. ரபானோடு தேங்காய்ச் சிரட்டையும், கரண்டியால் தட்டப்படும் போத்தலும் இசைக்கருவிகளாகின்றன. மேடையின் நேரக் கட்டுப்பாட்டுக்காக அம்மெல்லிய தொடக்கத்தைக் குறைப்பின் எஞ்சுவது வேகம் மட்டுமே; கூடியிருந்து பாடுவோரின் உறவு அங்குப் புலப்படாது.

பாடல்களின் மொழி இலங்கைப் போர்த்துக்கேயக் கிரியோல். பாடுவோருட் பெரும்பாலோர் இன்று சிங்களமே பேசுகின்றனர். ஒலி நிலைக்கப் பொருள் நழுவுகின்றது. ஆகவே, கைதட்டலோடு அமையாது, முதியோரிடம் எஞ்சியுள்ள சொற்பொருளைப் பதிவுசெய்தல் பல்கலைக்கழகங்களின் உடனடிக் கடமையாகும்.