நீ பாத்தது எந்தக் காப்பி?

தமிழ் சினிமா பற்றி இணையத்தில் எவ்வளவோ சண்டை போடுகிறோம். யார் பெரிய இயக்குநர், எந்த ஷாட் அழகு, எது கிளாசிக், எது ஓவர்ரேட்டட் என்று விடிய விடிய இழை இழையாக எழுதுகிறோம். ஒரு கேள்வியை மட்டும் யாரும் யாரையும் கேட்பதில்லை: நீ பாத்தது எந்தக் காப்பி?

இலக்கியத்தில் இதைக் கேட்காமல் நகர மாட்டோம். உ.வே.சா. 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, கையில் கிடைத்த ஓர் ஏட்டை அப்படியே அச்சுக்குக் கொடுக்கவில்லை. பல சுவடிகளைத் தேடி அலைந்து, ஒன்றோடு ஒன்றை வைத்துப் பார்த்து, எங்கே ஏடு செல்லரித்தது, எங்கே எழுதியவர் கை தவறியது என்று கண்டுபிடித்தார். பாடபேதம் என்ற சொல்லே அந்த உழைப்பின் பெயர்தான். சினிமா விமர்சனத்தில் நமக்கு அந்தச் சொல் இல்லை. ஆனால் நம்மில் பெரும்பாலானோர் பழைய படங்களைப் பார்த்தது சுவடியில்தான். கேசட், விசிடி, டிவிடி, அவற்றிலிருந்து யூடியூபுக்கு ஏறிய காப்பி என்று எல்லாமே பிரதியின் பிரதி.

இதை நெமிலிச்சேரி மாதிரி ஓர் ஊரிலிருந்து யோசித்தால் தெளிவாகப் புரியும். பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் நடுவில் உள்ள ஸ்டேஷன் அது. படம் பார்க்க ஆவடிக்கோ அம்பத்தூருக்கோ ரயிலேற வேண்டும். குழந்தை குட்டியோடு இரண்டாவது ஆட்டம் பார்த்துவிட்டுத் திரும்புவதெல்லாம் நடக்கிற காரியம் இல்லை. ஜே.வி.சி. நிறுவனம் 1976-ல் வி.ஹெச்.எஸ். முறையைக் கொண்டுவந்தது. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி இந்தியாவுக்குக் கலர் டிவி வந்தது. அதற்குப் பிந்தைய வருடங்களில் இந்த மாதிரி ஊர்களுக்கு சினிமாவைக் கொண்டுவந்தது வாடகை டெக்தான். டிவி, டெக், மூணு கேசட், ஒரு ராத்திரி. திண்ணையிலும் வாசலிலும் தெருவே உட்கார்ந்து பார்த்தது. இதை நாஸ்டால்ஜியாவாக எழுதுவது சுலபம், நிறைய பேர் எழுதியாச்சு. அந்த ராத்திரியில் திரையில் ஓடியது என்ன என்பதுதான் இங்கே கேள்வி.

தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-ல் வந்த ராஜராஜ சோழன். ஸ்கோப் படத்தின் அகலம் உயரத்தைப் போல ஏறக்குறைய 2.35 மடங்கு. பழைய டிவித் திரையின் அகலமோ 1.33 மடங்குதான். டிவித் திரையை நிறைக்க வேண்டும் என்றால் படத்தின் இரண்டு ஓரங்களையும் வெட்ட வேண்டும். கணக்குப் போட்டால் 100-க்கு 43 பங்கு காலி. இரண்டு பேர் ஆளுக்கொரு ஓரத்தில் நின்று பேசும் காட்சியில், டெக்கில் பார்த்தவருக்கு நடுவில் இருக்கும் தூண்தான் தெரியும். இதைச் சமாளிக்க, படத்தை டேப்புக்கு மாற்றுகிறவர் சட்டகத்தை இங்கேயும் அங்கேயும் நகர்த்துவார், சில சமயம் ஒரே ஷாட்டை இரண்டாக வெட்டுவார். இயக்குநர் வைக்காத கட், எடிட்டர் பார்க்காத கட். 'இந்தப் படத்தோட எடிட்டிங் என்னமா இருக்கு' என்று நாம் எழுதியதில் எத்தனை, பெயர் தெரியாத அந்த லேப்காரருக்குப் போக வேண்டிய பாராட்டு?

அடுத்து விசிடி வந்தது. ஒரு சிடியில் 74 முதல் 80 நிமிடம்தான் கொள்ளும். இரண்டரை மணி நேரப் படத்துக்கு இரண்டு சிடி, இன்னும் நீளம் என்றால் மூன்று. செலவைச் சுருக்க நினைத்தால் பாட்டு ஒன்றோ இரண்டோ போகும். தமிழ்ப் படத்துக்கு இடைவேளை என்பது சும்மா டீ குடிக்கிற நேரம் இல்லை, திரைக்கதையின் முதுகெலும்பு. சிடிக்கு அதெல்லாம் தெரியாது. இடம் எங்கே தீர்ந்ததோ அங்கே படத்தை நிறுத்தி, 'அடுத்த சிடியைப் போடு' என்றது. படத்தின் அளவு 352-க்கு 288 புள்ளிகள். கருப்பு சாம்பலாகும், கூட்டம் கட்டம் கட்டமாக உடையும். ருத்ரய்யாவின் அவள் அப்படித்தான் (1978) போன்ற ஒரு கருப்பு வெள்ளைப் படத்தை இப்படி ஒரு காப்பியில் பார்த்துவிட்டு அதன் ஒளிப்பதிவைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதுவதற்கு முன் கொஞ்சம் தயங்க வேண்டாமா?

அந்தக் காலத்தில் நடந்த விவாதம் முழுக்கத் திருட்டு விசிடி பற்றியது. 2004-ல் குண்டர் சட்டத்தைத் திருத்தி வீடியோ திருட்டையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். 2006-க்குப் பிறகு அரசு கொடுத்த இலவசக் கலர் டிவி வீடு வீடாக வந்து சேர்ந்தது. 2007-ல் மோசர் பேர் நிறுவனம் விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று கடைக்குக் கொண்டுவந்தது. 2015-ல் சேரன் தன் ஜேகே எனும் நண்பனின் வாழ்க்கை படத்தை நேராக டிவிடியாக வீட்டுக்கு அனுப்பிப் பார்த்தார். 2018-ல் மோசர் பேரே திவாலாகிக் கலைப்புக்குப் போனது. இவ்வளவு கதையிலும் காசு யாருக்குப் போகிறது என்ற கேள்விதான் ஓங்கி ஒலித்தது. அது நியாயமான கேள்விதான். ஆனால் காசு கொடுத்து வாங்கினவனுக்குக் கிடைத்தது முழுப் படமா என்ற கேள்வி அந்தச் சத்தத்தில் காணாமல் போனது.

'அப்போ டெக்கே வந்திருக்கக் கூடாதுங்கிறியா?' என்று கேட்கலாம். அப்படி இல்லை. தியேட்டரில் படம் பார்ப்பவர் அதன் ஓட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். டெக்தான் முதன்முதலாக அவர் கையில் ரீவைண்ட் பட்டனைக் கொடுத்தது. நிறுத்து, திருப்பு, மறுபடி பார் என்பது வாசிப்பு. தமிழில் ஷாட் ஷாட்டாகப் பிரித்து எழுதும் விமர்சனத்துக்கு அந்தப் பட்டன்தான் வழிவிட்டது. சுவடி பிழையானது என்பதற்காக அதைத் தூக்கிப் போடுவதில்லையே. பிழையைக் குறித்துவைத்துக்கொண்டு படிக்கிறோம், அவ்வளவுதான். நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த கீசக வதம் இன்று இல்லை. 1931-ன் காளிதாஸ் இல்லை. மங்கலான ஒரு கேசட் காப்பி இருந்திருந்தால்கூடக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்போம்.

இதில் ஒரு வகைப் படத்துக்கு மட்டும் பாடபேதமே கிடையாது: கல்யாண கேசட். அதை யாரும் விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் டெக்குக்காகவே பிறந்த ஒரே தமிழ்ப் பட வகை அதுதான். தோளில் பானசோனிக் எம்-9000 கேமரா, கண்ணைக் கூசும் லைட், மிக்சரில் இதய வடிவத்துக்குள் மணப்பெண் முகம், பின்னணியில் சினிமாப் பாட்டு. சிரிக்க எவ்வளவோ இருக்கிறது. ஆனால் பந்திக் காட்சிக்கு வாருங்கள். கேமரா இலை வரிசையை ஒட்டி மெல்ல நகரும். ஒருவர் வாயில் வைத்த கையோடு அப்படியே நிற்பார், ஒரு அக்கா தலைப்பை இழுத்து முகத்தை மறைப்பார், ஒரு பையன் லென்ஸுக்குள்ளேயே வருவான். ஆவடித் தொழிற்சாலைகளையும் அம்பத்தூர் எஸ்டேட்டையும் நம்பி இந்தப் பக்கம் மனை வாங்கிக் குடிவந்த ஒரு தலைமுறை எப்படி உட்கார்ந்தது, எப்படி உடுத்தியது, யார் பக்கத்தில் யார் சாப்பிட்டார்கள் என்பதற்கு இதைவிட நல்ல ஆவணம் எங்கே இருக்கிறது? எந்தப் படமும் இந்த முகங்களை இத்தனை பொறுமையாகப் பார்த்ததில்லை.

சினிமாவுக்கு எங்காவது ஒரு நெகட்டிவ் இருக்கும் என்று நம்பலாம். இதற்கு நெகட்டிவே அந்தக் கேசட்தான். நம்ம ஊர்ப் புழுக்கத்தில் டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை படரும். டெக்கைக் கடைசிவரை தயாரித்துவந்த ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. இனி பழுது பார்த்த மெஷின்கள்தான். கடையில் கொடுத்து மாற்றினால், பல நேரம் புது டிவிக்குப் பொருத்தமாக அகலத்தை மூன்றில் ஒரு பங்கு இழுத்துத் தருகிறார்கள். 'அத்தை அப்ப இவ்ளோ குண்டாவா இருந்தாங்க?' என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அன்றைக்கு அகலமான படத்தை வெட்டினோம், இன்றைக்குச் சதுரமான படத்தை இழுக்கிறோம். இரண்டிலும் படம்தான் திரைக்கு வளைந்துகொடுக்கிறது.

ஆகவே இரண்டு காரியம். பழைய படத்தைப் பற்றி எழுதும்போது எந்தக் காப்பியைப் பார்த்தோம் என்று ஒரே ஒரு வரி சேர்ப்போம்: தியேட்டரா, விசிடியா, சேனல் லோகோ ஒட்டிய யூடியூப் காப்பியா, எத்தனை நிமிடம் ஓடியது. நம் விமர்சனத்தில் பாதிச் சண்டை அந்த வரியிலேயே தீர்ந்துவிடும். இரண்டாவது, வீட்டில் கேசட் இருந்தால் அளவை மாற்றாமல் அப்படியே பதிந்து வாங்குங்கள். வாங்கிய பிறகும் கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள். ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்டார்கள் என்று படித்துவிட்டு இன்றும் வயிறெரிகிறோம். போகிக்குப் பரணைக் காலி செய்யும்போது அது ஞாபகம் இருக்கட்டும்.